வைக்கவா, எறியவா?

தம்பியின் ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்க ஒப்புக்கொண்ட பேராசிரியை, வேறொரு ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு பட்டனை அழுத்தினார். என் திரையில் அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தேன்.

தம்பி இறந்துபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவன் ஆய்வைப் பொய் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவன் செய்ததைத் திரும்பச் செய்தால் அதே விடை யாருக்கும் வரவில்லையாம். இட்டுக்கட்டிவிட்டானாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கெட்டிக்காரன், ஆனால் ஒழுங்கு என்பது மருந்துக்கும் கிடையாது. புரோகிராம்கள் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. எதற்குப் பின் எதை ஓட்ட வேண்டும் என்பது அவன் மண்டைக்குள்தான் இருந்தது. புரோகிராம் எழுதிப் பிழைக்கும் நான், அவனைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் திரட்டி, எந்தக் கணினியிலும் ஒரே பட்டனில் ஓடும்படி செய்தேன்.

ஒரு கட்டம் மட்டும் மசியவில்லை.

நுண்ணோக்கியில் எடுத்த மங்கலான செல் படங்களை அவன் கண்ணால் பார்த்துத்தான் பிரிப்பான். விதி கேட்டால், பார்த்தால் தெரியும் என்பான். அதிலும் பாதியில் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வராமல் ஐயாவுக்கு வேலை ஓடாது.

அவன் பிரித்துவைத்த படங்கள் என்னிடம் இருந்தன. அவற்றை உள்ளே சேர்த்தால் இதையும் ஜோடித்தது என்பார்கள். அதனால் அந்த இடத்தில் ஒரு கேள்வி வைத்தேன். ஒவ்வொரு படமாகக் காட்டி, 'வைக்கவா, எறியவா?' என்று கேட்கும். ஓட்டுகிறவர் பதில் சொல்லாமல் மேலே நகராது.

பேராசிரியை சட்டென்று நிமிர்ந்தார்.

"முடிஞ்சிருச்சும்மா! உங்க தம்பி சொன்ன விடை சரிதான். நடுவுல ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படியே நின்னுச்சு, அப்புறம் தானா போயிருச்சு."

"படத்தை வைக்கவா எறியவான்னு கேட்டிருக்குமே?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். அப்படி எதுவுமே கேட்கவில்லையாம்.

என் தம்பி பொய்யன் இல்லை. அழுகையும் சிரிப்புமாக வந்தது. பதில் சொல்லாமல் அது எப்படி நகர்ந்தது என்று உறைத்தது அதற்குப் பிறகுதான்.

அங்கே பிரிந்திருந்த படங்களை வாங்கி, தம்பி பிரித்தவற்றோடு வைத்துப் பார்த்தேன். அவன் வைத்ததெல்லாம் வைத்தபடி, எறிந்ததெல்லாம் எறிந்தபடி.

ஒரே ஒரு படம் மாறியிருந்தது. அவன் எறிந்த படம், ஓரத்தில் கீறல் விழுந்தது. இந்த முறை அது உள்ளே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவன் புலம்பியது அந்தப் படத்தைப் பற்றித்தான். கீறலைப் பார்த்து அவசரப்பட்டு எறிந்துவிட்டேன் அக்கா, எழுந்து போனதும் முதல் வேலையாக அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றான்.

அப்போது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.