கால்ல போடாத ஷூ

“தப்பு எங்க மேலதான் சார். முதல்ல உட்காருங்க, டீ சொல்றேன்.”

சைபுல்லா இப்படி இறங்கி வந்து பேசுவது அந்தக் கடைக்கே புதிது. நன்னிலம் கடைத்தெருவில் தார்ப்பாயும் கயிறும் ரப்பர் பூட்ஸும் விற்கிற அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்று அவரைத் தலைகுனிய வைத்திருப்பதும் அந்த வாய்தான்.

எதிரே நின்ற மதிவாணன் உட்காரவில்லை. பக்கத்து ஊர் ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். கையில் ஒரு துணிப்பை.

போன மாதம், மில் ஆட்களுக்காக முனையில் இரும்பு வைத்த பாதுகாப்பு ஷூக்களை மொத்தமாக வாங்கிப் போனவர், மறுநாளே பில்லோடு திரும்பி வந்தார். இந்த விலை ஷூவுக்கு ஜி.எஸ்.டி.யை ஐந்து சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், நீங்கள் பழைய பதினெட்டையே போட்டிருக்கிறீர்கள் என்றார்.

அன்று கடை நிறைய கூட்டம். சைபுல்லா அத்தனை பேர் காதிலும் விழும்படி, “இவ்வளவு ஷூ வாங்கத் தெரிஞ்சவருக்கு வரி கட்ட மட்டும் வலிக்குதா சார்? வேணாம்னா சரக்கைத் திருப்பிக் குடுங்க. ஆனா கால்ல போட்டதை வாங்க மாட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகும் அந்த மனிதர் விடாமல் வந்தார். இவரும் விடாமல் ஏதாவது சாக்கு சொல்லி அனுப்பினார். நேற்று ஆடிட்டர் போன் செய்து, கம்ப்யூட்டரில் வரியை மாற்றாமல் விட்டது கடையின் தப்புதான் என்றதும் சைபுல்லாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

“நாலு பேர் முன்னால உங்களைக் கேவலமா பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க சார்.”

“இருக்கட்டும் பாய்.”

“புது பில் போட்டு வச்சிருக்கேன். கூடுதலா வாங்கின பணமும் இந்தக் கவர்ல இருக்கு.”

மதிவாணன் கவரைத் தொடவில்லை. இத்தனை நாள் மல்லுக்கு நின்றவர், ஜெயித்த பிறகு ஏன் இப்படி நிற்கிறார்? கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்த சைபுல்லா, வெட்கத்தை மறைக்கப் பேச்சை மாற்றினார்.

“ஷூ வாங்கின அன்னைக்கு உங்ககூட வந்தாரே துரைராசு, அவர் எப்படி இருக்காரு? அவர் காலுக்கு சைஸ் தேடி மாடி குடோன் வரைக்கும் ஏறினேன். அப்புறம் பார்த்தா, ஷூவே வேணாம்ங்குறாரு.”

“செருப்புக் காலோட நெல்லை மிதிக்கக் கூடாதுன்னு அவங்க வீட்டுப் பழக்கம் பாய். மில்லுக்குள்ள எப்பவும் வெறுங்கால்தான்.”

“நான்தானே சமாதானம் சொன்னேன். இதை மில்லுக்குள்ள மட்டும் போடுங்க, தெருவுல மிதிக்காதீங்க, நெல்லுக்கு ஒரு குறையும் வராதுன்னு. அதுக்கப்புறம்தான் சிரிச்சுக்கிட்டே காலை விட்டாரு. புது மாப்பிள்ளை மாதிரி கடைக்குள்ளயே நடந்து பார்த்தாரு.”

“மில்லுக்கு வந்தும் அதே நினைப்புதான். ஷூ எப்ப சார் தருவீங்கன்னு தினமும் கேட்டாரு.”

“தினமுமா? ஏன், நீங்க குடுக்கலையா?”

மதிவாணன் அப்போதுதான் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“எப்படிக் குடுக்கிறது பாய்? பில்லை மாத்தித் தரலேன்னா மொத்தத்தையும் உங்ககிட்டயே திருப்பிடறதுன்னு பிடிவாதமா இருந்தேன். போட்டதை வாங்க மாட்டேன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதனால ஒருத்தருக்கும் குடுக்காம, அறையில வச்சுப் பூட்டிட்டேன். நான் சொன்னதுதான் சரின்னு நிரூபிக்கணும், எனக்கு அது ஒண்ணுதான் பெருசா இருந்துச்சு.”

சைபுல்லாவுக்கு உடம்பே கூசியது. தன் வாய்க்கொழுப்பால் ஒரு மில்லே வெறுங்காலோடு நின்றிருக்கிறதே.

“அதான் எல்லாம் சரியாயிடுச்சே சார். இனிமேலாவது குடுத்துடுங்க.”

“நேத்து துரைராசுகிட்ட குடுத்துட்டேன், ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்” என்ற மதிவாணன், துணிப்பையிலிருந்து ஒரு பெரிய வலது கால் ஷூவை மட்டும் எடுத்துப் புது பில்லின் மேல் வைத்தார்.

“மில்லுல இரும்பு உருளை விழுந்து பாதம் நசுங்கிப்போச்சு. எடுத்துட்டாங்க. இதைத் திருப்பி எடுத்துக்கங்க பாய். கால்ல போடாததுதான்.”