ஆப்பிரிக்கக் கலைப்பொருள் சேகரிப்பது எப்படி?

"பேரம் பேசினீங்களா?"

பல் டாக்டர் கேட்ட கேள்வியில் ஹாலே திரும்பிப் பார்த்தது. ஓவிய டீச்சருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"கொஞ்சம்... குறைச்சுக் கேட்டேன் சார்."

"ஒரு கலைஞனோட வயித்துல அடிச்சிருக்கீங்க!"

ஆப்பிரிக்கக் கலைப்பொருட்களை மனசாட்சியோடு சேகரிப்பது எப்படி என்று டாக்டர் மாதாமாதம் தன் வீட்டிலேயே வகுப்பு எடுப்பார். இலவசம்தான். 'உங்களிடம் இருப்பதையும் கொண்டு வாருங்கள்' என்று சொல்லியிருந்ததால், டீச்சர் மான்கொம்பு வைத்ததுபோல் செதுக்கிய தன் முகமூடியைப் பழைய புடவையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். மாலி நாட்டு மரவேலை. கண்காட்சியில் கண்ணில் பட்டதுமே ஆசை விழுந்து, வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வாங்கியது.

"செதுக்கினவர் யாரு?"

"தெரியாது சார்."

"எந்த ஊரு? எந்தச் சடங்குல போட்டுக்கிட்டது? பூசை பண்ற இடத்திலேர்ந்து களவு போனதா இருந்தா?"

"கடைக்காரர் நல்ல மனுஷராத்தான் தெரிஞ்சார்..."

"திருடன் என்ன, நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் கூனிக் குறுகிப்போனாள்.

"யாரோ கும்பிட்ட சாமியைக் கொண்டுவந்து டிவிக்கு மேல மாட்டியிருக்கீங்களேம்மா. உங்களுக்குத் தூக்கம் வருதா?"

இதுவரை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. இனிமேல் வராது என்று தோன்றியது.

வகுப்பு முடிந்து கூட்டம் எழுந்தபோது, டீச்சர் முகமூடியோடு டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சார், இதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மனசு வரலை. நாலு பேரைத் தெரிஞ்சவர் நீங்க. உரியவங்க யாருன்னு விசாரிச்சு, அவங்ககிட்டயே சேர்த்துடறீங்களா?"

"ஐயையோ, எனக்கு எதுக்கும்மா இந்தப் பாரம்?"

"நீங்க மாட்டேன்னா நான் எங்கே சார் போவேன்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெருமூச்சு விட்டார். பிறகு, பெண்ணை வழியனுப்பும் வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா நிற்பது போல முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ஆசையை ஜெயிக்கிறதுதான் உண்மையான சேகரிப்பு. இந்தம்மாவைப் பார்த்துக் கத்துக்குங்க!"

கைதட்டல் கேட்டது. டீச்சருக்குக் கண் கலங்கியது. வெறும் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள்.

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உரியவர் கிடைத்தால் நேரில் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டாமா? தன் போன் நம்பரைக்கூடக் கொடுக்கவில்லையே! மறுபடி படியேறினாள்.

எல்லோரும் போயாகிவிட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டாக்டரின் மனைவி சலித்துக்கொள்வது கேட்டது.

"சுவத்துல ஆணி அடிக்க இடமே இல்லைங்க. இதை எங்கே மாட்டறது?"

"போன மாசம் அந்த இன்ஜினீயர் அழுதுகிட்டே விட்டுட்டுப் போனாரே ஒரு கேடயம், அதைக் கழட்டி பெட்ரூமுக்குக் கொண்டு போ. அப்புறம் இன்னொண்ணு..."

டாக்டரின் குரலில் ஒரே குஷி.

"மரம் போதும்டி, அலுத்துப்போச்சு. அடுத்த வகுப்புக்கு வெண்கலம் வெச்சிருக்கிறவங்களாப் பார்த்துக் கூப்பிடு!"