எதிர்க்கடை விலை

2008-இல் மதுரை டவுன்ஹால் ரோட்டில் லேப்டாப் கடை வைத்திருந்த ரவிசங்கர், தான் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை என்பதைக் கடையில் மூச்சுவிட மாட்டார். கடைக்கு வரும் சௌராஷ்டிராக்காரர்கள், அவருக்குப் புரியாது என்று நினைத்து, கையிலிருக்கும் தொகையை அவர் முன்னாலேயே வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வார்கள். இவர் கேட்டு வைத்துக்கொண்டு அம்புட்டையும் கறந்துவிடுவார்.

அன்று நாகமணியும் அவர் மகள் காவ்யஸ்ரீயும் வந்தார்கள்.

"காலேஜ் ப்ராஜெக்ட்டும் செய்யணும், கேமும் ஓடணும்ணே."

"பொம்பளப் பிள்ளைக்குக் கேம் எதுக்கும்மா? இந்தப் பழைய மாடலே போதும்."

"ஏன், நான் விளையாடினா கீபோர்டு தேஞ்சிருமா? கிராபிக்ஸ் கார்டு உள்ளதை எடுங்க."

எடுத்து வைத்து, முப்பத்தாறாயிரம் என்றார்.

காவ்யஸ்ரீ அம்மா பக்கம் திரும்பி வீட்டுப் பாஷைக்கு மாறினாள். "எதிர்க்கடையில இதையே முப்பத்தொண்ணுக்குத் தர்றாங்கம்மா. வா, போயிரலாம்."

நாகமணி எழுந்துவிட்டார். ரவிசங்கர் பல்லைக் கடித்தபடி, ஒன்றும் புரியாதவர் போல கால்குலேட்டரைத் தட்டினார்.

"உங்களுக்காக முப்பதாயிரத்து ஐநூறு."

பில்லும் பெட்டியும் கைக்கு வந்ததும் காவ்யஸ்ரீ அவரை நேராகப் பார்த்தாள்.

"எதிர்க்கடையில நான் விலையே கேக்கலண்ணே. போன மாசம் எங்க சித்தப்பா, கையில முப்பத்தஞ்சுதான் இருக்குன்னு இங்க நின்னு சித்திகிட்ட சொன்னாரு. நீங்க சரியா முப்பத்தஞ்சுக்கு பில் போட்டீங்க. அன்னைக்கே பிடிபட்டுப்போச்சு."

இதையும் அவள் வீட்டுப் பாஷையில்தான் சொன்னாள்.

பதறிப்போன ரவிசங்கர், அதே பாஷையில் கேட்டார்: "எந்தச் சித்தப்பா?"