வாசலில் கழற்றியவை

ஜெர்சி சிட்டியின் இந்தச் செங்கல் தேவாலயத்தை நூறாண்டுக்கு முன் நாற்பத்துமூன்று கொத்தனார்கள் கூலி வாங்காமல் கட்டினார்கள். அவர்கள் பெயர்கள் வாசல் சுவரில் இருக்கின்றன. ஞாயிறு திருப்பலிக்கு நூறு பேர் வராவிட்டால் மறைமாவட்டத்தார் ஆலயத்தை மூடிவிடுவார்கள். இன்று கடைசிக் கணக்கெடுப்பு.

கணக்கெடுக்கும் பொறுப்பில் இருந்த ஜெயலீலா ஆட்களை எண்ணமாட்டார். குழந்தைகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரில் போலவே எல்லோரும் வாசலில் கழற்றிவிடும் செருப்புகளைத்தான் எண்ணுவார். நூற்றுநான்கு ஜோடி என்று எழுதினார்.

"ஆன்ட்டி, நான் உள்ள கவுன்ட் பண்ணிட்டேன். அறுபத்தொண்ணுதான்," என்றான் பங்குப்பேரவைச் செயலாளர் ஆட்ரியன். "மாத்திடுங்க. ஃபைட் பண்ணி பிரயோஜனமில்ல."

"வந்து பாரு."

ஸ்னீக்கர்களுக்கு நடுவே கனத்த தோல் பூட்ஸ்கள் இருந்தன. அடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்புச் சாந்து இன்னும் ஈரமாக இருந்தது. ஆட்ரியன் அவற்றை மட்டும் எண்ணினான். நாற்பத்துமூன்று ஜோடி.

"இத எப்படி ஆன்ட்டி சப்மிட் பண்றது?"

"எண்ணினத எழுதியிருக்கேன். தப்புன்னா அவங்களே வந்து எண்ணட்டும்."

திருப்பலி முடிந்து அறுபத்தொரு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பூட்ஸ்கள் அப்படியே இருந்தன. ஆட்ரியன் கதவைப் பூட்டப் போனான்.

"உள்ள ஆள் இருக்காங்க," என்று ஜெயலீலா சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.