கடைசியாக வந்தவள்

நீச்சல் போட்டிக்காரர்கள் துறைமுக வாயைக் கடந்து முடியும்வரை எந்தப் படகையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்று இன்னாசியின் வேலை. எல்லாருக்கும் பின்னால் வந்தவளின் வலது கை சற்று அகலமாக நீரில் விழுவதைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பிலோமி. பதினாறு வயதில் இதே துறைமுக வாயை அவரோடு பந்தயம் கட்டி நீந்திக் கடந்து ஜெயித்தவள். கல்யாணமாகி ஊரைவிட்டுப் போய் நாற்பது வருடம்.

அந்நேரம் மீன் ஏற்றிய விசைப்படகு ஒன்று வேகமாக வந்தது. கொடியை ஆட்டியும் நிற்கவில்லை. இன்னாசி தன் வள்ளத்தைக் குறுக்கே விட்டார். மோதிவிடுவோம் என்று பயந்து ஓட்டுநர் என்ஜினை அணைத்தான்.

“ஏலம் தப்பிரும் ஓய்! ஒரு கெழவிக்காவ நிக்கணுமா?”

“ஆமா. அவ கரையேறுற வரைக்கும் நில்லு.”

குரல் கேட்டு அவள் தலையை நிமிர்த்தினாள்.

“ஏல, இன்னாசியா? நீ இன்னும் நீந்துதியா?”

“இல்ல பிலோமி. நீ போ, நீரோட்டம் திரும்புது.”

அவள் சிரித்துவிட்டு நீந்திப் போனாள். இன்னாசி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பெரியவரே, அவங்க ஏறிட்டாங்க. வழி விடும்” என்றான் ஓட்டுநர், இந்த முறை மெதுவாக.

இன்னாசிக்கு வள்ளத்தை நகர்த்தக் கை வரவில்லை.