ஆஸ்பத்திரி வரைக்கும்

கிருசிகா செத்துக் கிடந்தாள்.

பாயில் மல்லாந்து, கண்ணை இறுக்காமல் மூடி, மூச்சு விடுவது தெரியாமல் மூச்சு விட்டுக்கொண்டு. பாம்பு கடித்த பிள்ளை அவள். தகப்பனாக நடிக்கும் துசாந்தன் அண்ணா, "மழை கொட்டுது, விடியட்டும் பாப்பம்" என்று சொன்ன பிறகு அவள் சாக வேண்டும்.

செங்கலடியிலிருந்து வந்த நாடகக் குழுவில் அவள்தான் சின்னவள். ஏழாம் வகுப்பு. ஊர் ஊராகச் செத்து அவளுக்குப் பழகிவிட்டது.

நாடகம் அதோடு முடியாது. குழுத் தலைவர் நிதுர்ஷன் முன்னால் வந்து சனத்தைக் கேட்பார்: இந்தப் பிள்ளை சாகாமல் இருக்க என்ன செய்திருக்கலாம்? வாயால் சொல்ல வேண்டாம், தகப்பனின் இடத்துக்கு வந்து நடித்துக் காட்டுங்கள்.

வழக்கமாக யாராவது சிரித்துக்கொண்டு வருவார்கள். காதில் கையை வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். சனம் கைதட்டும். கிருசிகா எழும்பிக் கும்பிடுவாள்.

அன்று பின்னேரம், வவுணதீவுப் பக்கத்துப் பள்ளிக்கூட முற்றத்தில், சனம் சட்டென்று அடங்கியது.

"நல்லரத்தினம், இருடாப்பா," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அவர் இருக்கவில்லை. காலடி பாய்க்குக் கிட்ட வந்து நின்றது. வசனம் ஒன்றும் பேசாமல், குனிந்து, அவளை அப்படியே தூக்கினார். சட்டையில் வயல் வட்டைச் சேற்றின் மணம். அவர் நெஞ்சு அடிப்பது அவள் காதுக்குள் கேட்டது.

நாலு எட்டில் இறக்கி விடுவார் என்று நினைத்தாள். விடவில்லை. சனத்துக்கு நடுவால் போய், கேற்றைத் தாண்டி, றோட்டுக்கு வந்துவிட்டார். கைதட்டத் தொடங்கிய ஒன்றிரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

நிதுர்ஷன் பின்னால் ஓடி வந்தார். "ஐயா, காணும். பிள்ளையை இறக்கி விடுங்க."

"நித்திரை கொள்ளாத, மகள்," என்று அவர் முணுமுணுத்தது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "நித்திரை கொள்ளாத. இந்தா வந்திட்டம்."

கிருசிகா கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டி, வர வேண்டாம் என்று நிதுர்ஷனுக்குக் காட்டினாள். பிறகு அந்தக் கையை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

செருப்புச் சத்தம் ஒன்று ஓடி வந்தது. பெண் ஒருத்தியின் மூச்சு வாங்கல். அவருடைய மனுசியாக இருக்கும், இவரை நிறுத்தத்தான் வருகிறாள் என்று நினைத்தாள்.

அந்தப் பெண், தொங்கிக்கொண்டிருந்த கிருசிகாவின் காலைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கெதியா நடங்க," என்றாள் அவரிடம்.

மூன்று பேரும் போனார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு திருப்பம். கொஞ்சம் சரளைக்கல். பிறகு பினாயில் மணம் வந்தது.

ஆஸ்பத்திரி விறாந்தையில், நோயாளிகள் இருக்கும் வாங்கில் அவளைக் கிடத்தினார். சீமெந்து குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, மருந்து எடுக்க வந்தவர்களின் சத்தம் எதுவும் இல்லை. அவர் நிலத்தில் குந்தினார்.

"இவ்வளவுதான் தூரம், இராசாத்தி. அண்டைக்கும் இவ்வளவுதான்," என்றார் மனுசியிடம்.

பிறகு அழத் தொடங்கினார். வாயைப் பொத்தாமல், றோட்டுக்குக் கேட்க அழுதார். இராசாத்தி அவரைத் தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள்.

எப்போது உயிர் வர வேண்டும் என்று கிருசிகாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணைத் திறந்தால் அது வேறு யாரோ ஒரு பிள்ளையின் கண்ணாக இருக்கும். அசையாமல் கிடந்தாள்.

ஒரு கை வந்து அவள் நெற்றி மயிரை ஒதுக்கியது. ஒதுக்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"எழும்பு பிள்ள," என்றாள் இராசாத்தி. "உன்ட அம்மா தேடுவா."