ஊருக்கெல்லாம் ஒரு மெஷின்

"எல்லாருக்கும் பொதுன்னு வந்த மெஷினை நீங்க மட்டும் வளைச்சுப் போட்டுக்கிட்டா, நாங்கல்லாம் எங்கங்க போறது?"

பாலக்கோட்டில் உள்ள தக்காளிக் கூழ் கம்பெனியின் லேபில், நாற்காலி காட்டியும் உட்காராமல் கேட்டாள் ஷைனி.

தருமபுரியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. காய்கறியில் தங்கிவிடும் பூச்சிமருந்துதான் அவள் ஆராய்ச்சி. அந்த மருந்தைத் துல்லியமாகக் காட்டும் மெஷின் அவள் கல்லூரியிலேயே இருக்கிறது. மற்ற கல்லூரிகளோடும் கம்பெனிகளோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. ஆனால் எப்போது போய்க் கேட்டாலும், "கம்பெனிக்காரங்க புக் பண்ணிட்டாங்கம்மா" என்று கையை விரித்துவிடுவார் துறைத் தலைவர் மாதவராஜ்.

அதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். இப்போது இதே கம்பெனி அவள் அப்பா சவரியின் தக்காளி லோடைத் திருப்பி அனுப்பிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துத் தீர்த்தகிரிக்கும் முருகேஷுக்கும் அதே கதி. அவர்கள் ஊரான மாரண்டஹள்ளிப் பக்கத்துச் சரக்கே வேண்டாமாம். மருந்து அதிகமாம்.

மெஷினையும் பிடித்து வைத்துக்கொண்டு, தக்காளியையும் வேண்டாம் என்றால் எப்படி? விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

கம்பெனியின் தர ஆய்வு அதிகாரி கலைமதி, அவள் கொட்டித் தீர்த்ததும் கேட்டாள்.

"நாங்க புக் பண்ணிட்டோம்னு யார் சொன்னது?"

"எங்க ஹெச்.ஓ.டி."

"நல்லா இருக்கு. எங்ககிட்ட அவர் உங்களையில்ல சொன்னாரு. ஆராய்ச்சிப் பொண்ணுங்க ராவும் பகலும் ஓட்டுறாங்க, மெஷின் காலியே இல்லன்னு. இந்த லேப்ல உங்களைத் திட்டாத ஆளே கிடையாது, தெரியுமா?"

ஷைனி உட்கார்ந்தாள்.

மீதியையும் கலைமதியே சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சரக்கில் ஒருமுறை மருந்து இருந்தது. பல தோட்டத்துக் காயும் கலந்துவிட்டதால் யாருடையது என்று தெரியவில்லை. பெங்களூருக்கு சாம்பிள் அனுப்பிப் பதில் வருவதற்குள் தக்காளி அழுகிவிடும். அதனால் ஒட்டுமொத்தமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு மெஷின் கிடைத்தால் தோட்டம் தோட்டமாகப் பார்த்து, நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

கம்பெனி ஜீப்பிலேயே இருவரும் கல்லூரிக்குக் கிளம்பினார்கள்.

இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் மாதவராஜுக்கு முகம் வெளுத்தது. சாவியைத் தேடுவதுபோல மேசை டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

ஏசி அறைக்குள் உறை போர்த்தி நின்றது மெஷின். திறப்பு விழாவில் வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை.

"ஏன் சார்?"

"அதோட விலை தெரியுமாம்மா உனக்கு? கண்டவங்க கை பட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா, மேலிடத்துக்கு நான்தானே பதில் சொல்லணும்."

"ரோட்டுல தக்காளியைக் கொட்டிட்டுப் போறாங்களே, அவங்களுக்கு யார் சார் பதில் சொல்றது? இது என்ன உங்க வூட்டு பீரோவா, பூட்டி வெச்சு அழகு பாக்க? எங்ககிட்ட ஒரு பொய், அவங்ககிட்ட ஒரு பொய். படிச்சவர்தானே நீங்க, உண்மையைச் சொல்ல என்ன பயம்?"

வராண்டாவில் கூட்டம் கூடிவிட்டது. கடைசி வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மாதவராஜ் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெஷினைத் தயார்படுத்தவே அன்றைய பொழுது சரியாகப் போனது. மறுநாள் மூன்று தோட்டத்துத் தக்காளியோடும் வந்து இறங்கினாள் கலைமதி.

"உங்க அப்பாவோடதும் இருக்கு ஷைனி. நீயே பாத்துச் சொல்லு. நீ நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, சாயந்திரமே தோட்டத்துக்கு லாரி அனுப்பிடறேன். இதுக்கு மேல தாங்காது, காய் எல்லாம் பழுத்துக் கொட்டுது."

தீர்த்தகிரியின் தக்காளி சுத்தம்.

முருகேஷின் தக்காளியும் சுத்தம்.

நியாயம் கேட்டதால்தானே இது நடந்தது என்று ஷைனிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்பாவுக்கு போன் போட்டு, லாரி வரும், கூடையெல்லாம் ரோட்டோரம் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டே மூன்றாவது சாம்பிளை ஏற்றினாள்.

திரையில் கோடு எழுந்தது. அனுமதித்த அளவைத் தாண்டியும் நிற்காமல் மேலே போனது.

எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் கழுவி, திரும்ப ஓட்டினாள். அதே கோடு, அதே உயரம்.

கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் இருந்த கலைமதி, என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள்.

ஷைனி திரையை அணைத்தாள். வெளியே வந்து, அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மெஷின் சரியா காட்ட மாட்டேங்குதுங்கக்கா. மூணு பேரோடதையும் பெங்களூருக்கே அனுப்பிடுங்க."